சுட்டது சரியா? செத்தது யாரு?

    

தலைப்பு என்ன? "காவல்துறையின் துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்பது சட்டமா? சமுதாயமா?" எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வழக்கறிஞர். பிரிவு சொன்னார், உட்பிரிவு சொன்னார், தீர்ப்பு சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே ஓர் ஐயம் வந்துவிட்டது. இவ்வளவு சட்டம் இருக்கிற நாட்டில் அநியாயமாக ஓர் உயிர் போவதற்கு வழியே இல்லையே! அப்புறம் எப்படிங்க போகுது? (சிரிப்பு)

போகுது. எந்த வழியாகப் போகுது என்பதைச் சொல்லத்தான் சமுதாயமே என்ற அணியில் வந்து நிற்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். எனக்கு ஏழெட்டு வயசு. எங்க அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். தெரு முழுக்கத் தறிக்குழி, விடிஞ்சா பொழுதுபோனா தறிச் சத்தம். ஒருநாள் காலையில் எங்க அம்மாயி வீட்டுப் பித்தளைத் தவலையைக் காணோம். தெருவே கூடிப்போச்சு. சைக்கிளில் ரெண்டு காக்கிச் சட்டை வந்தது. வந்தவங்க, "கடைசியா எப்பப் பாத்தீங்க? வீட்டுக்குள்ள யாரு யாரு இருந்தீங்க?" என்று கேட்டாங்களா? இல்லைங்க. ஒரே கேள்விதான். "ஊருக்குப் புதுசா யாரு வந்திருக்கா?"

ஊர்க்கோடிப் புளியமரத்தடியில் கூடை பின்னுகிற ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அவ்வளவுதான், தெருவிலிருந்த அத்தனை விரலும் அந்தப் புளியமரத்தைக் காட்டிச்சு. ஏழு வயசுப் பையன் நான், என் விரலும் காட்டிச்சு. அந்தக் கூடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மீதியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு அந்தக் கேள்வியை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் அவர்களே! இது இன்றைக்குப் பிறந்த கேள்வி இல்லை. சிலப்பதிகாரத்துக்குப் போவோம். கோவலன் எப்படிச் செத்தான்? கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓர் இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பாண்டியன் ஊடல்கொண்ட தேவியிடம் போகிற அவசரத்தில் ஆணையிட்டுவிட்டான். காவலர்கள் பொற்கொல்லனோடு வருகிறார்கள். கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் காவலரே தயங்குகிறார்கள். "இவனைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வனாகத் தெரியவில்லையே" என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துவிட்டு, திருட்டு நூல் பாடம் எடுக்கிறான். கள்வர்கள் மந்திரம் வைத்திருப்பார்கள், மருந்து வைத்திருப்பார்கள், தந்திரம் தெரிந்தவர்கள் என்று அடுக்குகிறான். அதாவது, இந்த ஆள் திருடினானா என்பதற்குச் சாட்சி சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வகுப்பு நடத்துகிறான்! காவலர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். முடிந்தது. கோவலன் வெளியூர்க்காரன், மதுரையில் அவனுக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

அப்புறம் கணக்குக் கேட்டது யார்? பாண்டியன் அவையில் அமைச்சர் இல்லையா? நீதி நூல் இல்லையா? எல்லாம் இருந்தது. கேட்டது கண்ணகி! ஊரும் உறவும் இல்லாத ஒருத்தி. பாண்டியன் என்ன சமாதானம் சொன்னான்? திருடனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்றான். இன்றைக்கும் அதே சமாதானம்தானே ஓடிக்கொண்டிருக்கிறது? சிலம்பை உடைத்தாள். முத்து தெறிக்கவில்லை, மாணிக்கம் தெறித்தது. தவறு தன்னுடையது என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் உயிரை விட்டான். சுட்டவனை இடமாற்றம் செய்வதற்கே ஆறு மாதம் ஆகிற காலத்தில், அந்த மன்னனை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. (கைதட்டல்)

ஆனால் அதே காப்பியத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை, நானும் பல வருஷம் சொன்னதில்லை. பாண்டியனுக்குப் பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். எப்படி? பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்து! பொய் சொன்னவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் செய்த தப்பு என்ன? அவன் பிறந்த குலத்தில் பிறந்தது. பிறப்பைப் பார்த்துக் கொல்கிற நோய் அப்போதே நம் ரத்தத்தில் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த நோயை வெள்ளைக்காரன் வந்து சட்டமாகவே எழுதிவிட்டான்! எதிரணி நண்பர் சட்டம், சட்டம் என்றாரே, இதோ ஒரு சட்டம் சொல்கிறேன். 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911-இல் அதைத் திருத்தி நம் சென்னை மாகாணத்துக்கும் விரித்தான். ஒரு சாதியின் பேரை அரசிதழில் போட்டுவிட்டால் போதும். அதில் பிறந்த ஆண்பிள்ளை கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் காவலர் கண்ணுக்கு முன்னால் படுத்துத் தூங்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக வேண்டுமா? ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கள்ளர், குறவர் என்று எத்தனையோ மக்கள் தலையில் இது விழுந்தது. குற்றம் செய்து குற்றவாளி ஆகவில்லைங்க. தொட்டிலிலேயே குற்றவாளி!

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் ஒன்றாக நின்றது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் ஜாலியன்வாலா பாக். அங்கே சுட்டதற்கு ஹண்டர் குழு என்று ஒரு குழு போட்டார்கள். டயரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவன் பதவியும் போனது. போதாதுதான், ஆனால் கேள்வி என்று ஒன்று இருந்தது. பெருங்காமநல்லூர் நான் படித்த பள்ளிக்கூடப் பாடத்தில்கூட இல்லை. ஏன்? அங்கே செத்தவர்கள் நாட்டு மக்கள், இங்கே செத்தவர்கள் ரேகைக்காரர்கள். பேர் ஒட்டிவிட்டால் பிணத்துக்குக்கூட மதிப்பு குறைந்துவிடுகிறது!

அந்தச் சட்டம் எப்படிப் போனது? தானாகவா போனது? மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்று ஒரு வழக்கறிஞர், கேரளத்தில் பிறந்தவர். அந்த மக்களுக்காக வாதாடினார். "ரோசாப்பூ துரை" என்று அந்த மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவர் போராடினார், ஜீவா போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. ஜார்ஜ் ஜோசப் அந்தச் சாதிக்காரர் இல்லை, ஜீவாவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், காரணம் பிறகு தெரியும்.

சரி, சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரி 26, குடியரசு ஆனோம். எவருடைய உயிரையும் சட்டப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. மை காயவில்லை. பதினாறே நாள். பிப்ரவரி 11, நம்ம சேலம் மத்திய சிறை. உள்ளே அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மேல் துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். சேலத்துக்காரர்களே, தினமும் அந்த மதிற்சுவரைத் தாண்டி பஸ்ஸில் போகிறோமே, எத்தனை பேருக்கு இது தெரியும்? பூட்டிய சிறைக்குள் இருப்பவன் எங்கே ஓடிவிடப் போகிறான்? அங்கே சாதிப் பேர் இல்லை, கட்சிப் பேர். ஒட்டுகிற பேர் மாறும், வேலை ஒன்றுதான். "யாரு செத்தது?" "கம்யூனிஸ்டுங்க." "ஓ, அப்படியா." அந்த "ஓ, அப்படியா"வில்தான் கணக்குப் புத்தகம் மூடிக்கொள்கிறது!

இப்போது எதிரணி நண்பரின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். வாச்சாத்தியைச் சொன்னார். சட்டம் ஜெயித்தது என்றார். நானும் சொல்கிறேன். எங்க ஊரிலிருந்து மேட்டூர், தருமபுரி, அரூர் என்று போனால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1965 வரைக்கும் அதுவும் சேலம் ஜில்லாதான். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற ஊர். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து உள்ளே போனது. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் ஓர் ஊரே அழிந்தது. 18 பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை, குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற இந்த மேடையில் நான் விவரிக்க மாட்டேன்.

குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது எப்போது? 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம்! அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேருமே குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. மகிழ்ச்சி. ஆனால் நண்பரே, அந்த வழக்கு நீதிமன்றப் படியை எப்படி ஏறியது? பழங்குடி மக்கள் சங்கம் மலையேறிப் போய் விசாரித்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் வழக்குப் போட்டார். 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் பத்தொன்பது வருஷமும் கூண்டில் ஏறி, "இவர்தான், இவர்தான்" என்று கை நீட்டினார்கள். சட்டம் தேர்தாங்க. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடம் பிடிக்க ஊர் வரவில்லையென்றால் தேர் நிலையிலேயே நிற்கும்! (கைதட்டல்)

வடம் பிடிக்க ஆள் குறைந்த இடத்தையும் பார்ப்போம். 2014 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அருமையான ஒரு தீர்ப்பு சொன்னது. மோதலில் போலீஸ் ஒருவரைக் கொன்றால் வழக்குப் பதிய வேண்டும். சுட்ட நிலையத்தாரே விசாரிக்கக் கூடாது, வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை வேண்டும். கையோடு பதக்கமும் பதவி உயர்வும் கொடுக்கக் கூடாது. இப்படிப் பதினாறு நெறிமுறைகள். இதைவிட என்ன வேண்டும்?

ஏழு மாதம் ஆகவில்லை. 2015 ஏப்ரல் 7. ஆந்திராவில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைத் தமிழர்கள். பலர் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர், வாச்சாத்தி மக்களுடைய அதே இனம். அன்றைக்குச் சந்தனக்கட்டை, இன்றைக்குச் செம்மரம். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். ஆணையம் தலைக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது.

மரம் வெட்டினால் குற்றம்தாங்க, நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத் தண்டனை என்ன? சிறை. கைது செய்யப் போகிற காவலருக்கு ஒரு வரம்பு இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்கிறபோது சாகடிக்க உரிமை கிடையாது. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொன்னது இது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இந்த வரம்பு இருக்கிறது. மரத்துக்கு உயிர் ஈடா?

மறுநாள் காலையில் பேப்பரைப் பார்த்தேன். இருபது உடல். வாத்தியார் நான், முனைவர் பட்டம் வாங்கியவன், கண்ணகிக்காக மேடை மேடையாகக் கண்ணீர் விட்டவன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மரம் வெட்டப் போனவங்கதானே?" என் மனைவி காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அவங்க வீட்டுலயும் இந்நேரம் ஒருத்தி காப்பி போட்டு வச்சிருப்பாளே?" எனக்கு அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை.

நடுவர் அவர்களே! இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 2020 மே 25. அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரம். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். உயிர் போனது. முதலில் போலீஸ் கொடுத்த அறிக்கையில் என்ன இருந்தது? அவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது போல எழுதினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் தெருவில் நின்ற பதினேழு வயசுப் பெண் பிள்ளை ஒன்று தன் செல்போனில் முழுசாகப் படம் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் அந்த டெரக் ஷாவினுக்கு இருபத்திரண்டரை வருஷம் தண்டனை. அங்கே நிறம், இங்கே சாதி. அங்கேயும் சட்டத்தை எழுப்பிவிட்டது தெருவில் நின்ற ஒரு பிள்ளை.

உடனே எதிரணி அம்மையார் கேட்பார்கள்: "அப்படியானால் போலீஸே வேண்டாமா?" வேண்டுமுங்க! நடுராத்திரியில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம் என்றால் தெருவில் ஒரு காவலர் முழித்திருக்கிறார். அவரும் நம் வீட்டுப் பிள்ளை. உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்ள அவருக்கும் உரிமை உண்டு. அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். கணக்கு இருந்தால் நேர்மையாகச் சுட்டவர் தலை நிமிர்ந்து நிற்பார். கணக்கு இல்லையென்றால் நல்லவரும் கெட்டவரும் ஒரே காக்கிக்குள் மறைந்துபோவார்கள். 2020-இல் சாத்தான்குளத்தில் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் கண்டதைக் கண்டபடி சொன்னார். அந்தச் சீருடைக்கு அன்றைக்குத்தான் மரியாதை! (கைதட்டல்)

எங்க எடப்பாடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். ஊடை நூல் அறுந்துபோனால் தறி தானே நின்றுவிடும். அறுந்தது மேல்பக்கம் வந்த நூலா, கீழ்பக்கம் வந்த நூலா என்று தறி கேட்காது. நின்றுவிடும். ஆள் வந்து பார்த்து, சரி செய்த பிறகுதான் ஓடும். ஓர் உயிர் அறுந்தால் நம் சமுதாயம் அப்படி நிற்கிறதா? நிற்பதில்லையே! "அறுந்தது எந்த நூல்?" என்று கேட்கிறோம். நம்ம நூல் என்றால் நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போடுகிறோம். அடுத்தவன் நூல் என்றால் ஓட்டு, ஓட்டு என்கிறோம்.

பெருங்காமநல்லூருக்கு ஏப்ரல் 3-இல் ஒரு சமூகம் போய் மாலை போடுகிறது. 2011 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில், இமானுவேல் சேகரன் நினைவு நாளன்று போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள், ஒடுக்கப்பட்ட மக்கள். விசாரணை ஆணையம் சுட்டது சரிதான் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்காக இன்னொரு சமூகம் மட்டும் அழுகிறது. ஜவ்வாது மலைக்காரர்களுக்காக அந்த மலை மட்டும் அழுகிறது. ஒவ்வொரு சாதியும் தன் பிணத்தை மட்டும் எண்ணுகிறது. மொத்தக் கணக்கை எண்ண ஆள் இல்லை! அதனால்தான் ஜார்ஜ் ஜோசப்பை அழுத்திச் சொன்னேன். தன் சாதிப் பிணத்துக்காகக் கேட்பது பாசம். அடுத்தவன் பிணத்துக்காகக் கேட்கிறபோதுதான் அது நியாயம்.

இப்போது அந்தத் தவலை. சாயங்காலமே கிடைத்துவிட்டதுங்க. எங்கே? அடகுக் கடையில்! வைத்தவர் என் சொந்தத் தாய்மாமன். (சிரிப்பு) தெரு சிரித்தது. "சரி சரி, பாத்திரம் வந்திருச்சில்ல, விடுங்க" என்றது. அந்தக் கூடைக்காரரை? "அவங்களே விட்டுருவாங்க, நாம எதுக்கு அங்க போய்க்கிட்டு" என்றது. ஒரு ஆள் நகரவில்லை.

எங்க அம்மாயி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். எழுதப் படிக்கத் தெரியாது. காவல் நிலையப் படியை வாழ்நாளில் மிதித்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அங்கே போய்ச் சொன்னார்: "சாமி, தவலை எங்க வீட்டுல கிடைச்சிருச்சு. எடுத்தது எம்மவன். அவனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இந்த மனுசனை விடுங்க." விட்டார்கள். அவர் வெளியே வந்தார். உயிரோடுதான் வந்தார். ஆனால் வலது கை விரல்கள் வீங்கிப்போயிருந்தன. மூங்கில் பட்டையைப் பிடிக்கிற விரல்கள். கூடை பின்னுகிறவனுக்கு விரல் போனால் வாழ்க்கை போச்சுங்களே.

திரும்பி வரும் வழியில் அம்மாயி என்னைத் திட்டவில்லை. தெருமுனையில் நின்று என் விரலைப் பிடித்து, "கண்ணு, இந்த விரலும்தானே காட்டுச்சு?" என்றார். "இனிமே யாராவது கேட்டா, அவன் எடுத்தானான்னு கேளு. அவன் எவன்னு கேக்காதே."

மறுநாள் விடியறதுக்குள் புளியமரத்தடி காலியாகிவிட்டது. அந்த மனிதர் எங்கே போனார், அந்தக் கை சரியாச்சா, எனக்குத் தெரியாது. பாதி பின்னிய ஒரு கூடை மட்டும் மரத்தடியில் கிடந்தது.

நடுவர் அவர்களே! சட்டத்துக்குக் கண் கட்டியிருக்கிறது என்பார்கள். யாரென்று பார்க்காமல் நீதி சொல்வதற்காகக் கட்டிய கட்டு அது. நாம் அதை அவிழ்த்து, செத்தவன் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன தொழில் என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கிறோம். அடுத்த முறை பேப்பரில் அப்படி ஒரு செய்தி வந்தால், வீட்டில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள், நம் வாயைத்தான் பார்ப்பார்கள். "செத்தது யாரு?" என்று கேட்பதற்கு முன்னால், "சுட்டது சரியா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு பிறந்தால், சட்டம் தானாக எழுந்து வரும்.

ஆகவே, துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்பது சமுதாயமே, சமுதாயமே என்று கூறி அமர்கிறேன்.